செட்டிபாளையத்தில் தேசியக் கார் பந்தயம்: கரி மோட்டார் ஸ்பீட்வே, ஒரு பார்வையாளரின் மதிப்புரை

கார் பந்தயத்தை நேரில் பார்த்திராத ஒருவர் முதலில் எந்தத் தளத்துக்குச் செல்லலாம் என்று கேட்டால், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயைத்தான் சொல்வேன். அதிலும், ஜே.கே. டயர் தேசியப் பந்தய சாம்பியன்ஷிப்பின் ஒரு கட்டம் அங்கே நடைபெறும் வார இறுதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் செல்லுங்கள் என்பேன். தளத்தின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.7 கிலோமீட்டர், ஃபார்முலா ஒன் நடந்த கிரேட்டர் நொய்டா புத் தளமோ ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். ஓட்டுநர்களில் பலர் பெரிய தளங்களையே விரும்புவார்கள். அவர்களது நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பவருக்குச் சிறிய தளம் தரும் தெளிவை வேறெதுவும் தருவதில்லை என்பதே இந்த மதிப்புரையில் நான் சொல்ல வருவது.

கோவைக்காரர்கள் 'கரி ட்ராக்' என்று சுருக்கிச் சொல்லும் இந்தத் தளம் எஸ்.கரிவரதனின் நினைவாகப் பெயர் பெற்றது. ஜவுளித் தொழிலில் பெயர் பெற்ற கோவைக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தின் நட்சத்திரங்களில் ஒருவர். அவரது பெரும்பணி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து கார் வரவழைக்க வசதியுள்ளவர்கள் மட்டுமே பந்தயத்தில் முன்னேற முடியும் என்றிருந்த நிலையில், மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி, ஒற்றை இருக்கை கொண்ட ஃபார்முலா மாருதி காரை உள்ளூரிலேயே உருவாக்கினார். நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் பந்தயப் பாடத்தைத் தொடங்கியது அந்தக் காரில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து, 2005-இல், கோவையைச் சேர்ந்த நரேன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். இடையில் 2003-இல், பி.விஜயகுமாரின் முயற்சியால் செட்டிபாளையத்தில் இந்தத் தளம் எழுந்தது. வாகனச் சங்கிலிகள் தயாரிக்கும் கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களே இன்றும் தேசியச் சாம்பியன்ஷிப்பின் முக்கியப் பிரிவில் ஓடுகின்றன. ஆகவே, நாடு சுற்றும் ஒரு பந்தயத் தொடர் கோவைக்கு வரும்போது அது தன் பட்டறை இருக்கும் ஊருக்கே திரும்புகிறது என்று சொல்லலாம். கார்களை நிறுத்தித் தயார்செய்யும் பகுதியான பேடாக்கில் உலவும்போது அந்த உரிமையுணர்வை உணர முடியும்; மெக்கானிக்குகளில் பலர் கொங்குத் தமிழில்தான் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள்.

இனி தளத்தைப் பற்றி. நிலம் ஏறத்தாழச் சமதளமானது. ஆகவே பார்வையாளர் பகுதியில் நல்ல இடமாகப் பார்த்து நின்றால், ஓடுபாதையின் பெரும்பகுதி கண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார் ஒரு முழுச் சுற்றை முடிக்க ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டிய நேரம்தான் எடுத்துக்கொள்கிறது. இதன் பயனை நேரில் பார்த்தால்தான் முழுமையாக உணர முடியும். பெரிய தளத்தில் கார்கள் நம்மைக் கடந்து மறைந்து, மீண்டும் தோன்றும்போது வரிசை மாறியிருக்கும். எங்கே, எப்படி மாறியது என்பது நமக்குத் தெரியாது. இங்கே, இரண்டாவதாக ஓடுபவர் முதல்வரை நெருங்குவதையும், அந்த இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கார் நீளம், அரைக் கார் நீளம் என்று குறைந்துவருவதையும், எந்தத் திருப்பத்தில் அவருக்கு நேரம் மிச்சமாகிறது என்பதையும் வெறுங்கண்ணாலேயே கணித்துவிடலாம். முந்துதல் நடப்பதற்கு மூன்று சுற்றுகளுக்கு முன்பே அது எங்கே நிகழும் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டு, அதன்படியே நடப்பதைப் பார்ப்பதைவிட ஒரு பந்தய ரசிகருக்கு வேறென்ன மகிழ்ச்சி இருக்க முடியும்?

குறுகிய தளத்தில் முந்துவது கடினம் என்ற குறையை நான் மறுக்கவில்லை. நேர்தடங்கள் நீளமில்லாததால், எதிரியின் பின்னால் காற்றின் தடை குறைந்த பகுதியில் ஒட்டிச் சென்று வேகம் சேர்த்து எளிதாக விலகி முந்திவிட முடியாது. அடுத்தடுத்து வரும் திருப்பங்களில் சரியான கோட்டில் ஒரு காருக்குத்தான் இடம் உண்டு. ஆனால் இந்தக் கடினமே முந்தும் கலையைச் செழுமையாக்குகிறது. முந்த விரும்பும் ஓட்டுநர், தாக்கப்போகும் திருப்பத்துக்கு முந்தைய திருப்பத்திலேயே வேலையைத் தொடங்கியாக வேண்டும்: அங்கே நுழையும்போது சிறிது பொறுமை காத்து, காரை முன்கூட்டியே நேராக்கி, ஆக்சிலரேட்டரை எதிரிக்கு முன்பாக முழுவதும் அழுத்தினால்தான் அடுத்த பிரேக் புள்ளிக்குள், அதாவது அடுத்த திருப்பத்துக்காகப் பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்துக்குள், அவர் பக்கவாட்டில் வந்து சேர முடியும். தாக்கப்படுபவருக்கும் வழி உண்டு. உட்பக்கம் பாய்ந்தவர் திருப்பத்தின் முடிவில் வெளிப்பக்கமாக விலகிப்போவார் என்பதைக் கணித்து, தான் சற்றே தாமதமாகத் திரும்பி அவரது பின்புறமாக உட்பக்கத்துக்கு வந்து இழந்த இடத்தை உடனே மீட்டுவிடலாம். இந்த மாற்று மறுமாற்று இரண்டு திருப்பங்களுக்குள், சில நொடிகளில் நடந்து முடிந்துவிடும். தொலைக்காட்சியில் கேமரா மாறும் இடைவெளியில் இது காணாமல் போவதுண்டு; செட்டிபாளையத்தில் வேலியோரம் நிற்பவருக்கு அது முழுதாகவே கிடைக்கிறது.

காற்றையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைச் சமவெளிக்குள் புகும் காற்று வலுவானது. எதிர்க்காற்றில் செல்லும்போது கார் சீக்கிரம் வேகம் குறைவதால் பிரேக்கைச் சற்றுத் தாமதமாகப் பிடிக்கலாம். பின்னாலிருந்து தள்ளும் காற்றில் அதே இடத்தில் பிரேக் பிடித்தால் கார் திருப்பத்தைத் தாண்டிப் போய்விடும். காலைப் பயிற்சியில் சரியாக இருந்த பிரேக் புள்ளி பிற்பகலில் பொய்த்துப்போவதை ஆகஸ்ட் மாதப் பந்தயங்களில் கவனிக்கலாம். மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துக்கொண்டு பந்தயம் பார்ப்பவர்களை நான் மதிக்கிறேன்.

கார்களைப் பற்றி ஒரு தெளிவு தேவை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுப் பந்தயம் நடந்தபோது ஃபார்முலா 4 என்ற பெயர் வீடு வீடாகப் பரவியது. அந்த இந்திய ஃபார்முலா 4 சாம்பியன்ஷிப், உலகத் தானுந்துக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிமுறைகளின்படி நடப்பது. அதில் ஓடுபவை பிரான்ஸின் மிகாலே நிறுவனம் தயாரித்த டர்போ கார்கள். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்பது வேறு. மாருதி சுசுகியின் 1.3 லிட்டர் எஞ்சினைக் கொண்ட, இங்கேயே தயாரான, எளிமையான ஒற்றை இருக்கைக் கார் அது. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக எண்ணி வருபவர்கள், இதன் வேகம் அதைவிடக் குறைவு என்று முதலில் ஏமாற்றமடைவதுண்டு. அவர்கள் ஒரு பந்தயம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். களத்தில் உள்ள அனைவருக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர். சக்கரம் பூட்டிக்கொள்ளாமலோ வழுக்காமலோ தடுக்க மின்னணு உதவிகள் எவையும் இல்லை. ஆகவே, ஒருவர் மற்றவரைவிட வேகமாக ஓடினால் அதற்கான காரணத்தை அவருடைய கைகளிலும் கால்களிலும்தான் தேட வேண்டும். அதற்கு அடுத்தபடியாக அவருடைய மெக்கானிக் காரைச் சீரமைத்த விதத்தில் தேடலாம். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் ஓசையை மட்டும் கேட்டாலும் வேறுபாடு புரியும்: அனுபவசாலி திருப்பத்தின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை ஒரே சீராக ஏற்றுவார், புதியவரின் எஞ்சின் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும்.

பலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார்கள். என் கருத்தில், சனிக்கிழமையை விட்டவர் பாதியை விட்டவர். அன்றைக்குத்தான் பயிற்சியும் தகுதிச் சுற்றும் நடக்கின்றன. பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவார் என்பது அங்கே முடிவாகிறது. முந்துவது கடினமான தளத்தில் புறப்படும் இடத்துக்குள்ள மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 2.1 கிலோமீட்டருக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கார்களை ஒரே நேரத்தில் விட்டால், தடையில்லாத ஒரு சுற்று கிடைப்பது அரிது. முன்னே மெதுவாக ஒருவர் டயர்களைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்; பின்னே ஒருவர் தன் வேகச் சுற்றின் நடுவில் இருப்பார். வெற்றிடம் தேடி மெதுவாகச் சென்றால் டயர் ஆறிவிடும். விரைந்து சென்றால் முன்னால் இருப்பவரின் பின்னால் போய் மாட்டிக்கொள்வோம். திறமைசாலிகள் சிலர் தொடக்கத்திலேயே முதலாவதாகத் தடத்தில் இறங்கிவிடுகிறார்கள். சிலர் அனைவரும் போன பிறகு காத்திருந்து இறங்குகிறார்கள். இன்னும் சிலர் தங்கள் அணித் தோழரின் பின்னால் அளவான தூரத்தில் சென்று அவர் கிழிக்கும் காற்றைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இந்த மௌனமான சதுரங்கத்தை அமைதியான சனிக்கிழமைக் கூட்டத்தில் நின்று பார்ப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பரபரப்பைவிட மனநிறைவைத் தருகிறது.

ஞாயிறு பந்தயங்களில் புறப்பாடும் முதல் திருப்பமும் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டன. அங்கே எல்லோரும் பார்ப்பதை நீங்களும் பார்ப்பீர்கள். நான் பரிந்துரைப்பது, புறப்பாடு முடிந்தவுடன் கொடிகளைக் கவனிக்கத் தொடங்குவதை. சிறிய தளத்தில் முன்னணியில் ஓடுபவர்கள் விரைவிலேயே கடைசி வரிசையைப் பிடித்துவிடுவதால், வழிவிடச் சொல்லும் நீலக் கொடி அடிக்கடி அசையும். பின்தங்கியவர் எந்த இடத்தில் வழிவிடுகிறார் என்பதைப் பொறுத்து முதலிடப் போட்டியே திசைமாறக்கூடும்: திருப்பத்துக்கு முன் வழிவிட்டால் முதலில் ஓடுபவர் தப்பிவிடுவார், திருப்பத்துக்கு நடுவில் அவர் தடைபட்டால் இரண்டாமவர் பாய்ந்துவிடுவார். மஞ்சள் கொடி அசையும் பகுதியில் முந்தக் கூடாது. அதை மீறியவருக்குத் தண்டனை உண்டு. இந்தக் கொடிகளை வெயிலில் நாள் முழுவதும் ஏந்தி நிற்கும் மார்ஷல்களில் பெரும்பாலோர் பந்தயத்தின் மீதுள்ள பற்றினால் வருபவர்கள். கார் ஒன்று சுழன்று நின்றால், மற்ற கார்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று ஒரு கணம் பார்த்துவிட்டு அவர்கள் ஓடும் வேகமும் ஒழுங்கும் தனியாகக் கைதட்டிப் பாராட்டத்தக்கவை.

கார்களுக்கிடையே மோட்டார் சைக்கிள்களும் ஓடுகின்றன. 2021-இல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கோப்பையில் 648 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் கொண்ட வண்டிகள் இறங்கும். கார்களின் கூரிய ஓசைக்குப் பிறகு அந்தக் கனத்த ஒலி காதுக்கு மாறுதலாக இருக்கும். திருப்பங்களில் அவ்வளவு எடையுள்ள வண்டியைப் படுக்கவைத்து ஓட்டுபவர்களின் உடல் உழைப்பு வியப்புக்குரியது. இருந்தாலும் நான் கார்களுக்காகச் செல்பவன் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பேடாக்கில், அனுமதிக்கப்பட்ட நேரங்களில், சற்று நேரம் செலவிடுவது மிகவும் பயனுள்ளது. டயர் அழுத்தத்தைச் சிறு கருவியால் அளந்து, மிகச் சிறிய அளவில் காற்றை இறக்கி, மீண்டும் அளக்கும் மெக்கானிக்கைப் பாருங்கள்: ஓடும்போது டயர் சூடாகி உள்ளே அழுத்தம் கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அவர் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். பந்தயம் முடிந்து வெற்றி மேடையில் கோப்பை வழங்கப்பட்ட பின்னும் முடிவு உறுதியாவதில்லை. வென்ற கார்களை எடைபோட்டு, விதிமுறைப்படி இருக்கின்றனவா என்று தொழில்நுட்ப ஆய்வாளர்கள் சோதித்த பிறகே முடிவுகள் இறுதியாகின்றன. இளம் ஓட்டுநர்களின் பெற்றோர்கள் அந்த நேரத்தில் காத்திருக்கும் முகபாவத்தைப் பார்த்தால், இந்த விளையாட்டு ஒரு குடும்பத்திடம் எவ்வளவு கேட்கிறது என்பது விளங்கும். இதே தளத்தில்தான் பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களுடன் போட்டியிடும் ஃபார்முலா பாரத்தும் நடக்கிறது. அந்த மாணவர்களில் சிலர் பின்னாளில் பந்தய அணிகளில் பொறியாளர்களாகச் சேர்வதற்கு இந்த பேடாக்கே வாசலாக அமையக்கூடும்.

நடைமுறைக் குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். போத்தனூர் வழியாகச் செட்டிபாளையம் செல்லும் சாலை சொந்த வாகனத்தில் வருபவர்களுக்கு எளிது. வாடகைக் காரில் செல்பவர்கள் திரும்புவதற்கான ஏற்பாட்டையும் காலையிலேயே செய்துகொள்வது நல்லது. நகரத்துக்கு வெளியே மாலையில் செயலி வழியாக அழைத்த வண்டி வராமல் போய், நான் வெகுநேரம் சாலையோரம் நிற்க நேர்ந்தது. கோவையின் காற்று இதமானது என்று நம்பி வெயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தொப்பியும் போதிய தண்ணீரும் கட்டாயம் தேவை. காதுக்குப் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்து வந்தால், ஓசையைக் குறைக்கும் காதுறையை முன்கூட்டியே வாங்கி வீட்டில் ஒருமுறை அணிவித்துப் பழக்குங்கள். நேர அட்டவணையையும் ஓட்டுநர் பட்டியலையும் கைப்பேசியில் சேமித்துக்கொள்வது மிக முக்கியம். கார் எண்ணுக்கு உரியவர் யார் என்று தெரியாமல் பார்ப்பவருக்குப் பந்தயம் வண்ணங்களின் ஓட்டமாகவே எஞ்சும்.

இந்தியப் பந்தயத்தளங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வேண்டுகோள் எனக்கு உண்டு. பந்தயம் தெரிந்தவர்களுக்காகவே நாம் பந்தயங்களை நடத்திக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கார்களுக்கு இடையிலான இடைவெளியையும் பார்வையாளர் அனைவரும் காணும்படி பெரிய திரையில் காட்டுவதும், நடப்பதை வட்டார மொழியில் விளக்கிச் சொல்லும் வர்ணனையாளரை அமர்த்துவதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் தமிழ் வர்ணனை எத்தனை வீடுகளைத் திறந்துவிட்டது என்று பார்த்துவிட்டோம். தாமதமாகப் பிடிக்கும் பிரேக் என்றால் என்ன, அந்த ஓட்டுநர் ஏன் இப்போது காத்திருக்கிறார் என்பதைத் தமிழில் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தால், செட்டிபாளையம் சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டு வருவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சென்னை இரவுப் பந்தயத்தோடு இதை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. விளக்கொளியில் நேப்பியர் பாலத்தருகே கார்கள் சீறிச் செல்லும் காட்சிக்கு நிகராக இங்கே எதுவும் இல்லை. ஆனால் மதில்களுக்கு இடையே ஓடும் நகரச் சாலைப் பந்தயத்தில், நாம் அமர்ந்திருக்கும் துண்டு மட்டுமே நமக்குச் சொந்தம். விழாவாக அனுபவிக்க விரும்புபவர் சென்னைக்குச் செல்லலாம். பந்தயத்தைப் படிக்க விரும்புபவர் கோவைக்கு வரட்டும். கோவை வட்டாரத்திலேயே இதைவிட நீளமான புதிய தளம் ஒன்றும் வந்துவிட்ட நிலையில், சிறிய தளத்தின் தேவை குறைந்துவிடும் என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. பெரிய கார்களுக்கு நீளமான தடம் வேண்டும்தான்; தொடக்கநிலைக் கார்களின் போட்டி நெருக்கமாக இருப்பதற்கும், புதியவர்கள் குறைந்த செலவில் அதிகச் சுற்றுகள் ஓடிப் பழகுவதற்கும் செட்டிபாளையம் போன்ற தளங்கள் தொடர்ந்து தேசிய அட்டவணையில் இடம்பெற வேண்டும்.

அடுத்த கட்டத்துக்கு முதல்முறையாக வருபவர்கள், அட்டவணையில் ஜே.கே. டயர் நோவிஸ் கோப்பைக்கான நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கான பிரிவு அது. பிரேக்கை முன்கூட்டியே பிடிப்பது, அகலமாக வெளியேறுவது, முந்த வேண்டிய இடத்தில் தயங்குவது என எல்லாத் தவறுகளும் அங்கே பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். அதை நேர்தடத்தின் முடிவில் உள்ள பிரேக் பகுதிக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் நகராமல் நின்று எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பந்தயத்தையும் பாருங்கள். இரண்டு பிரிவு ஓட்டுநர்களும் பிரேக்கில் கால் வைக்கும் இடங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் வேறுபாடு இருக்கிறது என்பதை நீங்களே கண்ணால் அளந்துவிடலாம்.